அச்சுக் கோத்தவர்கள்

ஈயத்தில் வார்த்த எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து, சொல்லாக்கி, வரியாக்கி, பக்கமாகக் கட்டி முடிப்பது அச்சுக் கோத்தல். அந்த வேலையைச் செய்தவர் அச்சகத்தில் கம்பாசிட்டர். தமிழில் இந்தத் தொழில் 16-ஆம் நூற்றாண்டில் தொடங்கி 20-ஆம் நூற்றாண்டின் இறுதி வரை, இடையில் சில முறை அறுபட்டாலும், ஏறத்தாழ நானூறு ஆண்டு நடந்தது. சுவடியை விட்டுப் புத்தகத்துக்கு வந்தபோது தமிழ் எழுத்து பல மாற்றங்களை அடைந்தது. மெய்க்குத் தவறாமல் புள்ளி வந்தது. சொல்லுக்குச் சொல் இடைவெளி விழுந்தது. சில எழுத்துகளின் உருவமே மாறியது. இவையெல்லாம் புலவர்களும் சீர்திருத்தக்காரர்களும் எடுத்த முடிவுகளாகவே பேசப்படுகின்றன. முடிவு அவர்களுடையதாக இருக்கலாம். அதைப் பக்கத்துக்குப் பக்கம் நடைமுறையாக்கியது கம்பாசிட்டரின் கை.

வேலை நடந்த விதத்தை முதலில் பார்க்கலாம். ஓர் ஈய எழுத்து ஏறக்குறைய 23 மில்லிமீட்டர் உயரமுள்ள சிறு தூண். அதன் தலையில் எழுத்து இடவலம் மாறிப் புடைத்திருக்கும். உடலின் ஒரு பக்கத்தில் சிறு காடி வெட்டியிருக்கும். கண்ணால் பார்க்காமலே எழுத்து நேராக இருக்கிறதா, தலைகீழாக இருக்கிறதா என்று விரல் அறிந்துகொள்வதற்காக அந்தக் காடி. கம்பாசிட்டர் இடக்கையில் ஸ்டிக் என்னும் உலோகத் தட்டைப் பிடித்துக்கொண்டு, சாய்வாக நிறுத்திய கேஸின் முன் நிற்பார். கேஸ் என்பது பல அறைகள் கொண்ட ஆழமில்லாத மரப்பெட்டி. வலக்கை எழுத்தை எடுத்து வைக்க வைக்க, இடக்கையின் கட்டைவிரல் கடைசி எழுத்து சாயாமல் அணைத்துக்கொள்ளும். எழுத்துகள் தலைகீழாக, ஆனால் இடமிருந்து வலமாகவே போகும். அப்படித் தலைகீழாகவும் கண்ணாடிப் பிம்பமாகவும் இருக்கும் வரியைத் தடங்கலின்றிப் படிப்பதுதான் தொழிலில் சேர்ந்தவன் முதலில் பழக வேண்டிய வித்தை.

வரி முடியும் இடத்தில்தான் கைத்திறன் தெரியும். எல்லா வரியும் ஒரே அகலத்துக்கு நிற்க வேண்டும். மிச்சமிருக்கும் இடத்தைச் சொற்களுக்கு நடுவே பிரித்துப் போட மெல்லிய ஈயத் துண்டுகள் உண்டு, அவை ஸ்பேஸ். வரிக்கும் வரிக்கும் நடுவே செருகும் தகடு லெட். ஸ்டிக் நிறைந்ததும் வரிகளை நீளத் தட்டான கேலிக்கு மாற்றி, நூலால் இறுக்கிக் கட்டி, மை தடவி ஒரு படி எடுப்பார்கள். அதுதான் கேலி புரூஃப். பிழை திருத்தி முடிந்தபின் எட்டோ பதினாறோ பக்கங்களை இரும்புச் சட்டத்துக்குள் வரிசை பார்த்து அடுக்கி, மரக்கட்டைகளால் முடுக்கினால் ஒரு ஃபாரம் தயார். பக்கங்கள் 1, 2, 3 என்று அடுத்தடுத்து உட்காராது. தாளை மடித்த பிறகு வரிசை சரியாக வரும்படி முன்பின்னாக, சில தலைமாறிக்கூட உட்காரும். புத்தகத்தின் கனத்தைப் பக்கத்தில் சொல்லாமல் ‘பத்து ஃபாரம் வரும்’ என்று சொல்லும் வழக்கம் தமிழ்ப் பதிப்பாளர்களிடம் இன்றும் உண்டு.

அச்சடித்து முடிந்தால் வேலை முடிந்ததாகாது. ஃபாரத்தை மண்ணெண்ணெயால் கழுவி, ஒவ்வோர் எழுத்தையும் அதனதன் அறைக்குத் திருப்பிப் போட வேண்டும். எழுத்துப் பிரித்தல் என்பது இதுதான். பழகுநர் பையன்களுக்குப் பெரும்பாலும் கிடைத்தது இந்த வேலையே. அவன் ஒரு ‘ன’வை ‘ண’ அறையில் போட்டுவிட்டால், நாலு நாள் கழித்து வேறொருவர் கோக்கும் பக்கத்தில் அது பிழையாக முளைக்கும். பழைய நூல்களின் கடைசியில் வரும் பிழைதிருத்தப் பட்டியலில் ஆசிரியரின் பிழைக்கும் பெட்டி மாறிய எழுத்தின் பிழைக்கும் வேறுபாடு தெரியாது. பழி மட்டும் பெரும்பாலும் அச்சகத்துக்கே போயிற்று.

தமிழ்க் கேஸ் எவ்வளவு பெரிது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தமிழ் எழுத்து 247 என்று பள்ளியில் சொல்லிக் கொடுக்கிறார்கள். அச்சுக்கு அத்தனையும் வேண்டியதில்லை. அகரமேறிய மெய் 18, புள்ளி வைத்தவை 18, இகரம் 18, ஈகாரம் 18, உகரம் 18, ஊகாரம் 18 எனச் சேர்த்தால் 108. மற்ற உயிர்மெய்களைக் கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் கொம்பு ஆகிய நான்கு துண்டுகளைக் கொண்டு கூட்டிக்கொள்ளலாம். உயிரும் ஆய்தமும் சேர்ந்தால் சுமார் 125. ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ வரிசைகளையும் ஸ்ரீயையும் சேர்த்தால் 150-ஐத் தாண்டும். எண்களும் நிறுத்தக்குறிகளும் தனி. பெரிய எழுத்து, சிறிய எழுத்து இரண்டையும் கூட்டினாலும் 52-இல் நிற்கும் ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் மலைப்பு வரும். ஆனால் ஒற்றுக்கு ஒற்று கீழே தொங்கும் தெலுங்கோடு ஒப்பிட்டால் தமிழ் எளிது. அடிக்கடி வரும் எழுத்துகளுக்குக் கை எட்டும் தூரத்தில் பெரிய அறையும், எப்போதாவது வரும் ‘ஙு’ போன்றவற்றுக்கு ஓரத்தில் சின்ன அறையும் ஒதுக்குவது எல்லா மொழிகளின் அச்சகங்களுக்கும் பொதுவான ஏற்பாடு.

‘கொ’ என்பதைக் கோக்க ஒற்றைக்கொம்பு, ‘க’, கால் என்று மூன்று துண்டு வேண்டும். ஒலியின் வரிசை வேறு, ஈயத்தின் வரிசை வேறு. சொல்லும்போது முதலில் வருவது மெய்; கோக்கும்போது முதலில் நிற்பது கொம்பு. வரி முறியும் இடத்திலும் இது தொல்லை தந்தது. தமிழ்ச் சொல்லை வரிக்கடைசியில் எந்த எழுத்திலும் முறிக்கலாம், இடையில் கோடு போட வேண்டியதில்லை என்பது பழைய அச்சகங்களின் வழக்கம். ஆனால் கொம்பை மேல்வரியில் விட்டுவிட்டு எழுத்தைக் கீழே இறக்கக்கூடாது. வரியின் தலையில் கால் தனியாக நிற்கக்கூடாது. இலக்கண நூல் எதிலும் இல்லாத இந்த விதிகளைக் கம்பாசிட்டர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்டு வளர்த்தார்கள்.

உலக அளவில் பார்த்தால் தனித்தனி எழுத்தைச் சேர்த்து அச்சிடும் முறை சீனத்தில் 11-ஆம் நூற்றாண்டில் களிமண் எழுத்தாகத் தொடங்கியது. கொரியாவில் 1377-இல் உலோக எழுத்தால் ஒரு பௌத்த நூல் வந்தது. ஐரோப்பாவில் 15-ஆம் நூற்றாண்டின் நடுவில் கூட்டன்பர்க் அதைப் பெருந்தொழிலாக்கினார். தமிழுக்கு அது போர்ச்சுகீசியர் வழியாக வந்தது. 1554-இல் லிஸ்பனில் அச்சான சிறு வேதநூலில் தமிழ் இருந்தது, தமிழ் எழுத்து இல்லை. ரோமன் எழுத்தில் தமிழைக் கோத்திருந்தார்கள். 1556-இல் கோவாவுக்கு ஓர் அச்சு இயந்திரம் வந்து சேர்ந்தது. 1578 அக்டோபரில் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ வெளிவந்தது. 16 பக்கமுள்ள அந்தச் சிறு நூல்தான் தமிழ் எழுத்தில் அச்சாகிக் கிடைத்திருப்பவற்றில் முதலாவது. அதை உருவாக்கிய அன்றிக் அடிகளார் என்ற அன்றீக்கே அன்றீக்கசு முத்துக்குளித்துறையில் பரதவரிடையே வாழ்ந்த சேசு சபைக் குரு.

அந்த நூலின் கடைசிப் பக்கம் கூர்ந்து பார்க்கத் தக்கது. கோவாவில் 1577-இல் வார்த்த எழுத்துகளையும் கொல்லத்தில் 1578-இல் வார்த்த எழுத்துகளையும் அதில் தனித்தனியாகக் காட்டியிருக்கிறார்கள். முதல் வார்ப்பில் நிறைவில்லாமல் மறுபடி வார்த்திருக்கிறார்கள் என்பது அதிலிருந்தே தெரிகிறது. முதல் வார்ப்பு ஜுவான் கொன்சால்வஸ் கை, இரண்டாவது ஜுவான் டி ஃபாரியா கை. ஓலையில் புள்ளி வைக்காமலும், கால் வடிவத்துக்கும் ரகரத்துக்கும் வேறுபாடு காட்டாமலும் எழுதிய வழக்கத்தையே இந்தத் தொடக்ககால அச்சு பெரிதும் பின்பற்றியது. அடுத்த ஆண்டு கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’, 1586-இல் ‘அடியார் வரலாறு’ என்று வேலை தொடர்ந்து, பிறகு நின்றுபோனது. அச்சு இயந்திரம் இருந்தால் மட்டும் போதாது. தேயத் தேய எழுத்தை வார்த்துக் கொடுக்கவும் கோக்கவும் ஆள் வேண்டும். ஆள் போனதும் தொழிலும் போயிற்று. 1679-இல் அம்பலக்காட்டில் அந்தாம் தெ புரோயென்சாவின் தமிழ் – போர்ச்சுகீசிய அகராதியை அச்சிட மர எழுத்தை வெட்ட வேண்டியிருந்தது. வெட்டியவர் இக்னாசியு ஆச்சாமணி. தமிழ் அச்செழுத்தை உருவாக்கிய இந்நாட்டுக் கைவினைஞர்களில் பெயர் பதிவான மிகச் சிலரில் அவர் ஒருவர்.

டச்சுக்காரர்கள் 17-ஆம் நூற்றாண்டில் பழவேற்காட்டைச் சோழமண்டலக் கரையின் தலைமையிடமாக வைத்திருந்தார்கள். பொன்னேரிக்குக் கிழக்கே கடலோரம் கெல்திரியா கோட்டை இருந்த இடம் அது. அங்கே அவர்கள் கவனம் துணி வணிகத்தின் மேல் இருந்தது. தமிழ் எழுத்தின் உருவத்தை ஐரோப்பியருக்குக் காட்டிய டச்சுப் போதகர் பால்தேயுஸின் நூல் 1672-இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. அதில் உள்ளவை கோத்த எழுத்தல்ல, தகட்டில் செதுக்கிய எழுத்து. டச்சுக்காரரின் அச்சுக்கூடம் 1730-களில் கொழும்பில்தான் வேலை தொடங்கியது. சிங்களம் முதலில், தமிழ் அடுத்து.

தமிழில் தொடர்ச்சியான கோப்புவேலை தரங்கம்பாடியில் பிறந்தது எனலாம். 1706-இல் அங்கு வந்த மறைப்பணியாளர் சீகன்பால்குவுக்கு இங்கிலாந்தின் கிறித்தவ அறிவு பரப்பும் சங்கம் அனுப்பிய அச்சு இயந்திரம் 1712-இல் வந்து சேர்ந்தது. 1713-இல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்து வந்தது. தமிழையே கண்டிராதவர்கள் வெட்டிய எழுத்து; உருவம் பெரிது. அந்த அளவில் புதிய ஏற்பாட்டை முழுவதும் கோத்தால் கையிருப்புக் காகிதம் போதாது. எனவே ஆட்லர் என்ற வார்ப்பாளர் தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்தை வார்த்தார். சங்கம் அனுப்பிய பாலாடைக்கட்டி டப்பாக்களின் ஈயத் தகட்டை உருக்கி வார்த்ததாகச் சொல்வார்கள். பக்கத்துப் பொறையாற்றில் காகித ஆலையும் வைத்துப் பார்த்தார்கள். 1714-இல் நற்செய்திகளும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715-இல் புதிய ஏற்பாடு முழுவதும் வந்தன. எழுத்தின் அளவைக் காகிதத்தின் இருப்பு தீர்மானித்தது. தமிழ் அச்சில் அது கடைசி முறையல்ல.

சென்னைக்கு அச்சு போர்க் கொள்ளையாக வந்தது. 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது அங்கிருந்த அச்சு இயந்திரமும் கைக்கு வந்தது. இயக்கத் தெரிந்தவர் வேப்பேரியில் இருந்த மறைப்பணியாளர் ஃபப்ரீசியுஸ். கிழக்கிந்தியக் கம்பெனியின் வேலையையும் செய்து தர வேண்டும் என்ற நிபந்தனையோடு அதை அவரிடம் ஒப்படைத்தார்கள். அவருடைய தமிழ் – ஆங்கில அகராதி 1779-இல் அங்கேதான் அச்சானது. அதிலிருந்து வேப்பேரி சென்னை அச்சுத்தொழிலின் வேராக நின்றது. மிஷன் அச்சகங்களில் கோக்கக் கற்றவர்கள் பிறகு வெளியே போய்ப் பிழைத்தார்கள்.

1812-இல் தஞ்சை ஞானப்பிரகாசன் திருக்குறளையும் நாலடியாரையும் சென்னை மாசத்தினசரிதை அச்சுக்கூடத்தில் பதிப்பித்தார். சமயப் பரப்பலுக்கு வெளியே தமிழ் இலக்கியம் அச்சேறிய தொடக்கங்களில் ஒன்று அது. 1835-இல் தற்காலிகக் கவர்னர் ஜெனரலாக இருந்த மெட்காஃப் காலத்துச் சட்டம் உரிமக் கட்டுப்பாட்டை நீக்கிய பிறகு இந்நாட்டவரின் அச்சுக்கூடங்கள் பெருகின. எழுத்தின் அழகில் பெரிய முன்னேற்றம் அமெரிக்க மிஷன் அச்சகத்தின் பி. ஆர். ஹண்ட் காலத்தில் வந்தது. 67,000-க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட வின்ஸ்லோவின் தமிழ்-ஆங்கில அகராதி 1862-இல் அவர் அச்சகத்தில்தான் வெளிவந்தது. பொடி எழுத்தானாலும் கண்ணை உறுத்தாத அந்தப் பக்கங்களை இன்றைய கணினி எழுத்துரு செய்பவர்களும் எடுத்துப் பார்ப்பதில் வியப்பில்லை. யாழ்ப்பாணத்தில் மானிப்பாய் மிஷன் அச்சகமும், 1841-இல் தொடங்கிய ‘உதயதாரகை’யும், 1849-இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் நிறுவிய அச்சுக்கூடமும் அக்கரையில் அதே வேலையைச் செய்தன. நாவலர் பதிப்புகளுக்குச் சுத்தப் பதிப்பு என்ற பெயர் கிடைத்ததில் அவர் தம் மேற்பார்வையிலேயே அச்சுக்கூடம் வைத்திருந்ததற்குப் பங்குண்டு. நிறுத்தக்குறிகளை அவர் தாராளமாகப் பயன்படுத்தினார். சந்தி பிரித்து, இடைவெளி விட்டு, குறி போட்டு வரும் கையெழுத்துப் படியை ஈயத்தில் ஏற்றப் பழகிய ஆட்களும் அதோடு உருவானார்கள்.

பெரும்பாலான அச்சுக்கூடங்களில் எழுத்துக் கையிருப்பு குறைவு. ஒரு புத்தகத்தை முழுவதும் கோத்து நிறுத்திவைக்க யாராலும் முடியாது. ஒரு ஃபாரத்தைக் கோத்து, அடித்து, பிரித்து, அதே எழுத்தைக் கொண்டே அடுத்ததைக் கோக்க வேண்டும். இதன் விளைவைப் பதிப்பு வரலாற்றில் போதிய அளவு பேசியதில்லை. பதிப்பாசிரியருக்குப் புரூஃப் தவணை தவணையாகத்தான் வரும்; முந்தைய ஃபாரம் ஏற்கெனவே பிரிந்து வேறு சொற்களாகியிருக்கும். நூறாம் பக்கத்தில் தெளிந்த ஒரு பாடத்தைப் பத்தாம் பக்கத்தில் திருத்த வழியில்லை. சி. வை. தாமோதரம் பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் பழந்தமிழ் நூல்களை அச்சேற்றியது இந்தக் கட்டுக்குள்தான். 1887-இல் வந்த சீவக சிந்தாமணிக்காகச் சாமிநாதையர் கும்பகோணத்துக்கும் சென்னைக்கும் அலைந்ததை அவருடைய ‘என் சரித்திரம்’ விரிவாகச் சொல்கிறது. பதிப்பின் முடிவில் சேர்த்த திருத்தங்களும் அனுபந்தங்களும் பதிப்பாசிரியரின் அசட்டையைக் காட்டுவதைவிட ஈயத்தின் பற்றாக்குறையையே அதிகம் காட்டுகின்றன.

கோப்புவேலையின் உச்சம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியைச் சொல்லலாம். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகள். லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள். பதிவு ஒவ்வொன்றிலும் தமிழ்ச் சொல், மேலும் கீழும் குறியிட்ட ரோமன் ஒலிபெயர்ப்பு, ஆங்கிலப் பொருள், தமிழ்ப் பொருள், மேற்கோள், நூற்சுருக்கம் என ஒரே வரிக்குள் எழுத்தின் அளவும் இனமும் பலமுறை மாறும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் கை வேறு கேஸுக்குப் போய் வர வேண்டும். பதிப்பாசிரியர் எஸ். வையாபுரிப் பிள்ளையின் பெயரை அகராதியோடு சேர்த்து நினைப்பது நியாயமே. அதைக் கோத்தவர்களுக்குப் பெயரில்லை.

பெயர் பெற்ற கம்பாசிட்டர் ஒருவர் உண்டு. அவர் பெயர் பெற்றது வேறு காரணத்துக்காக. ம. பொ. சிவஞானம் வறுமையால் மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவர். பி. வரதராஜுலு நாயுடுவின் ‘தமிழ்நாடு’ பத்திரிகை அச்சகத்தில் அச்சுக் கோத்தார். கோக்கும் வேலை படிப்பறிவைக் கேட்கும் வேலை. செய்பவருக்குப் படிப்பறிவைக் கொடுக்கும் வேலையும்கூட. ஒரு நாளைக்குப் பல பத்தித் தலையங்கத்தையும் கட்டுரையையும் எழுத்தெழுத்தாகக் கடந்தவருக்கு நடையும் சொல்வளமும் கைவழியாகவே ஏறியிருக்க வேண்டும். பின்னாளில் சிலப்பதிகாரப் பேச்சாளராகவும், ‘செங்கோல்’ ஆசிரியராகவும், 1966-இல் வள்ளலாரைப் பற்றிய நூலுக்காகச் சாகித்திய அகாதெமி விருது பெற்றவராகவும் அவர் விளங்கினார். ஜெயகாந்தனும் இளமையில் பொதுவுடைமைக் கட்சியின் ‘ஜனசக்தி’ அச்சகத்தில் வேலை பார்த்தவர். அந்தத் தலைமுறையில் பள்ளிக்கூடம் கைவிட்ட பலருக்கு அச்சகமே பள்ளியாக இருந்தது.

ம. பொ. சி.யின் பெயர் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் எல்லையிலும் பதிந்திருக்கிறது. 1953 அக்டோபர் 1-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது திருத்தணி அந்தப் பக்கம் போனது. அவருடைய தமிழரசுக் கழகமும், அந்தப் பகுதியிலேயே தமிழ் கற்பித்துவந்த மங்கலங்கிழாரும் முன்னின்று வடக்கெல்லைப் போராட்டத்தை நடத்தினார்கள். எல்லைத் தகராறில் நடுவராக இருந்த படாஸ்கரின் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. மாற்றாகச் சத்தியவேடு வட்டாரம் ஆந்திரத்துக்குப் போனது.  அந்தப் போராட்டத்தின் ஆயுதங்கள் துண்டறிக்கை, தீர்மானம், வாரப் பத்திரிகை. எல்லாமே கோத்து அடித்தவை.

அந்த எல்லையை ஒட்டி, பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவே ரயில் நிற்கும் கவரைப்பேட்டை போன்ற ஊர்களின் அச்சுத்தேவை புத்தகமல்ல. கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், காரியப் பத்திரிகை, ரசீதுப் புத்தகம் ஆகியவைதான் சில்லறை அச்சகத்தின் சோறு. காலால் மிதித்து ஓட்டும் டிரெடில் ஒன்றும் நாலைந்து கேஸும் இருந்தால் கடை நடக்கும். தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்கும் வட்டாரத்தில் இரண்டு மொழியிலும் பத்திரிகை அடித்துத் தர வேண்டுமானால் இரண்டு மொழிக்கும் தனித்தனி எழுத்து வாங்க வேண்டும். இரண்டையும் கோக்கத் தெரிந்த ஆளும் வேண்டும். மாநில அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான சிப்காட் 1971-இல் உருவாகி, கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை வளர்ந்தபின் சலான், கேட் பாஸ், வருகை அட்டை என்று வேறு வகை வேலை பிறந்தது. அதில் சொல் குறைவு, கோடும் கட்டமும் அதிகம். பித்தளைக் கோட்டுத் தகடுகளை வெட்டிச் சேர்த்துக் கட்டம் போடுவது கவிதைப் புத்தகம் கோப்பதைவிடக் கடினம் என்பதைத் தொழில் தெரிந்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள்; மூலையில் மயிரிழை இடைவெளி விட்டாலும் அச்சில் பல்லைக் காட்டும்.

உடலுக்கும் இந்த வேலை கெடுதல் செய்தது. எழுத்து உலோகம் ஈயமும் ஆன்டிமனியும் வெள்ளீயமும் கலந்தது. கடினத்துக்கு ஆன்டிமனி, அச்சில் நன்றாக ஓடி நிரம்ப வெள்ளீயம், பெரும்பங்கு ஈயமே. கை கழுவாமல் சாப்பிட்டாலும், கேஸில் படிந்த தூசியை ஊதினாலும் ஈயம் உள்ளே போகும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் ஈய நச்சேற்றத்தை அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. நாலு பேர் வேலை செய்யும் சின்ன அச்சகம் அந்தச் சட்டத்தின் வரம்புக்குள் வருவதே அபூர்வம். நாள் முழுதும் நின்றே வேலை செய்ததால் வந்த கால்வலியையும், மங்கிய விளக்கில் பொடி எழுத்தைப் பார்த்துக் கெட்ட கண்ணையும் எந்தப் பட்டியலும் சேர்க்கவில்லை.

எழுத்தைக் குறைக்க வேண்டும் என்ற பேச்சு அச்சகத்தை ஒட்டியே எழுந்தது. பழைய அச்சில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை போன்றவற்றுக்கு மற்ற எழுத்துகளிலிருந்து வேறுபட்ட, சுழித்த உருவங்கள் இருந்தன. 1935-இல் பெரியார் ‘குடிஅரசு’ இதழில் அவற்றை விட்டு, பொதுவான காலையும் ஐகாரக் கொம்பையும் போட்டுக் கோக்கத் தொடங்கினார். கற்பவருக்கு எளிது, அச்சுக்கும் தட்டச்சுக்கும் எளிது என்பது அவர் தரப்பு. 13 எழுத்துகளின் உருவம் மாறியது. றொ, றோ இரண்டுக்கும் ‘றா’வின் துண்டையே கொம்போடு சேர்த்துக் கோத்துவிடலாம் என்பதால் கேஸில் மிச்சமான அறைகள் 13 அல்ல, ஏறக்குறைய பாதிதான். ஆகவே ஈயக் கணக்கில் இலாபம் சிறிது. ஒழுங்கு என்ற வகையில் இலாபம் பெரிது. 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு இந்தச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணையிட்டது. ஆணை வந்த மறுநாளே புது எழுத்து வாங்கும் வசதி எல்லா அச்சகத்துக்கும் இல்லை. அதனால் 1980-களிலும் பழைய உருவங்கள் அச்சில் தென்பட்டன.

இயந்திரக் கோப்பு தமிழுக்குப் பாதி தூரமே பொருந்தியது. விசையைத் தட்டினால் ஒரு வரியையே ஈயக்கட்டியாக வார்த்துத் தரும் லினோடைப்பின் வழக்கமான பெட்டியில் 90 வழிகள். தமிழுக்கு வேண்டியதோ 150. எழுத்தெழுத்தாக வார்க்கும் மோனோடைப்பின் சட்டத்தில் 225 இடம் இருந்ததால் அது கூடுதலாகப் பொருந்தியது. இரண்டும் விலை அதிகம். நாளிதழ்களும் பெரிய அச்சகங்களும் வாங்கின. மற்ற இடங்களில் கையே நீடித்தது. கூலி மலிவாக இருந்த நாட்டில் இயந்திரத்துக்கு அவசரமில்லை.

கை நின்றது 1980-களின் கடைசியிலும் 1990-களிலும். ஆஃப்செட் அச்சும் கணினிப் பக்க வடிவமைப்பும் சேர்ந்து வந்தன. கனடாவிலிருந்து சீனிவாசனின் ஆதமி, மலேசியாவிலிருந்து முத்து நெடுமாறனின் முரசு ஆகிய மென்பொருள்கள் 1980-களின் நடுவிலேயே தமிழைக் கணினியில் ஏற்றியிருந்தன. தெருவுக்குத் தெரு டி.டி.பி. சென்டர் முளைத்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாடு ‘தமிழ் 99’ விசைப்பலகையைத் தரப்படுத்தியது. தொடக்ககாலக் கணினி எழுத்துருக்கள் பலவற்றில் ஈயத்தின் வரிசையே தொடர்ந்தது. கொம்பை முதலில் தட்டி எழுத்தைப் பிறகு தட்ட வேண்டும். யூனிகோடு அதைத் திருப்பிப் போட்டது. சேமிப்பில் மெய் முன்னே, கொம்பு பின்னே. திரையில் தெரியும்போது மட்டும் இடம் மாறும். கம்பாசிட்டர் மனத்தில் வைத்திருந்த இடமாற்றத்தை மென்பொருள் செய்கிறது.

கேஸ்கள் காலியாயின. ஈயம் எடைக்குப் போனது. டிரெடில்கள் சில இன்னும் ஓடுகின்றன. பில் புத்தகத்துக்கு வரிசை எண் போடவும், அட்டையை மடிப்புக்கு அழுத்தவும், கிழிக்கும் ஓட்டை வரிசை இடவும் அவை உதவுகின்றன. கோக்கத் தெரிந்தவர்களில் இளையவர்கள் கணினிக்கு மாறினார்கள். மூத்தவர்கள் பைண்டிங்குக்கோ காவல் வேலைக்கோ போனார்கள். ‘கம்போஸ் பண்ணிட்டீங்களா’ என்ற கேள்வி மட்டும் டி.டி.பி. சென்டரில் அப்படியே இருக்கிறது.

தமிழ் நூல்களின் முதல் பக்கங்களில் இப்போது ‘ஒளியச்சு’ என்று போட்டு, பக்கம் வடிவமைத்தவரின் பெயரைத் தரும் பதிப்பகங்கள் உண்டு. ஈய எழுத்துக் காலத்தில் அந்த வழக்கம் இல்லை. 1867-ஆம் ஆண்டுப் பத்திரிகை மற்றும் நூல் பதிவுச் சட்டம் ஒவ்வொரு நூலிலும் அச்சிட்டவரின் பெயரும் அச்சிட்ட இடமும் இருந்தாக வேண்டும் என்றது. கோத்தவரின் பெயரை அது கேட்கவில்லை. அதற்கு மாற்றாக 2023-இல் நிறைவேறிய பருவ இதழ்ப் பதிவுச் சட்டம் நூல்களைத் தன் வரம்பிலேயே சேர்க்கவில்லை.